பழுது எண் நாற்பத்தொன்று

1

இன்று காலை தபாலில் மறுபடியும் ஒரு பில் வந்தது. நான் ரத்து செய்து ஐந்து மாதமாகிவிட்ட இணையத் தொலைபேசிச் சேவைக்கு இது மூன்றாவது பில். முதலாவதில் சேவையை முடித்துக்கொண்டதற்கு ஒரு கட்டணம் போட்டிருந்தார்கள். இரண்டாவதில் அந்தக் கட்டணத்தைத் தாமதமாகக் கட்டியதற்கு ஒரு கட்டணம். இன்றைய பில்லில் வெறும் மாதச் சந்தா என்றிருக்கிறது. அதாவது நான் விலகிப்போனதையே மறந்துவிட்டார்கள்.

அழைத்துக் கேட்டேன். இருபத்தாறு நிமிடம் பியானோ கேட்கவைத்த பிறகு ஒருவர் வந்து, என் கணக்கு மூடப்பட்டுவிட்டதால் அதைப் பற்றிப் பேசத் தமக்கு அனுமதியில்லை என்றார். மூடிய கணக்குக்கு எப்படி பில் வருகிறது என்று கேட்டேன். அது வேறு துறையாம். அந்தத் துறை திங்கட்கிழமைதான் திறக்குமாம்.

நான் டொரண்டோவில் ஒரு நிறுவனத்தில் கணினி வலையமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். எந்தத் தகவல் எந்தக் கம்பியில் எங்கே தொலைந்துபோகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் என் சொந்த ஃபோன் பழுதானபோது மற்றவர்களைப்போல நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். பழுது எண், நேரம், அறிகுறி, கம்பெனி சொன்ன பதில், உண்மையான காரணம் என்று ஐந்து பத்திகளாகக் கோடு போட்டேன். கடைசிப் பத்தி பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது.

அந்த நோட்டில் மொத்தம் நாற்பத்தொரு பழுதுகள். நாற்பது பழுதுகள் எனக்கு எரிச்சலை மட்டும் கொடுத்தன. நாற்பத்தொன்றாவது என் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுச் சனிக்கிழமைதோறும் ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் ஊரில் நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

2

எங்கள் வீடு ராயபுரத்தில், கல்மண்டபம் பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. நைனா துறைமுகத்தில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் காண்ட்ராக்டரிடம் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் ஒரே பெண். "ரெண்டே வருஷம் நைனா, கொஞ்சம் சம்பாதிச்சிக்கினு வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

முதல் வருடம் முழுக்க அழைப்பு அட்டைகள். கடையில் வாங்கி, வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, நீளமான எண்ணை அழுத்தி, பிறகு வீட்டு எண்ணை அழுத்த வேண்டும். அட்டையில் அறுபது நிமிடம் என்றிருக்கும். இணைப்புக் கட்டணம், பராமரிப்புக் கட்டணம் என்று கண்ணுக்குத் தெரியாமல் கழித்துக்கொண்டு, அம்மா யாருக்கோ குழந்தை பிறந்த கதையைப் பாதி சொல்லும்போது கட்டாகிவிடும். ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ள இன்னொரு அட்டை சுரண்ட வேண்டும்.

அதனால் இணையத் தொலைபேசி வந்தபோது, அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் என்ற பெருமையோடு உடனே சேர்ந்தேன். சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் பிராட்பேண்ட் வயர், இன்னொரு பக்கம் சாதாரண ஃபோன். பெட்டிக்கு டொரண்டோ எண் ஒன்று தருவார்கள். பெட்டி உலகத்தில் எங்கே இருந்தாலும் அது டொரண்டோ ஃபோன்தான். முதல் விடுமுறையில் அதை சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோய், எங்கள் தெருவுக்கு அப்போதுதான் வந்திருந்த பிராட்பேண்டை எடுத்து, டி.வி. பக்கத்தில் பொருத்திவிட்டு வந்தேன். திரும்பி வந்த அன்று பேசியபோது அம்மா சொன்னாள்: "இன்னாடி இது, பக்கத்து வூட்லருந்து கூப்புட்ற மாரி கீது!"

அது ஒன்பது நாள் நீடித்தது. அதற்குப் பிறகு நோட்டில் உள்ளவற்றில் சில:

பழுது 4. வாரத்தில் பாதி நாள் ஃபோன் மணியே அடிக்கவில்லை. கம்பெனி சொன்னது: பெட்டி கெட்டுவிட்டது, மாற்றித் தருகிறோம். புதுப் பெட்டி எனக்கு வந்து, ஊருக்குப் போகிறவர் ஒருவரைப் பிடித்து அனுப்ப ஆறு வாரம். உண்மையான காரணம்: அம்மா கோயிலுக்கோ மீன் வாங்கவோ கிளம்பும்போதெல்லாம் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறாள். "ஆளில்லாத வூட்ல கரண்டு எதுக்குடி ஓடணும்?"

பழுது 9. நான் பேசுவது எனக்கே திரும்பக் கேட்கிறது. கம்பெனி சொன்னது: பெட்டியை அணைத்து, முப்பது விநாடி கழித்துப் போடவும். அணைப்பதில் எங்கள் வீட்டில் குறைவே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் சிரிக்கவில்லை.

பழுது 13. ராயபுரத்து பிராட்பேண்ட் பில் திடீரென்று ஐந்து மடங்கு. மாதத்துக்கு இவ்வளவு தகவல்தான் என்று ஒரு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் தீட்டிவிடுவார்கள். நாங்கள் பேசுவதும் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது என்பது பொறியாளராகிய எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அம்மா பில்லை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனாள். கவுண்டரில் இருந்தவர், "வூட்ல யாரும்மா சினிமா எறக்கறது?" என்று கேட்டாராம். "எங்க வூட்ல யாரு சினிமா எறக்குவாங்க? நாங்க ரெண்டு கெழடுங்க, பொண்ணுகிட்ட பேசறோம்." "அப்போ கம்மியா பேசுங்க." அவர் சொன்ன யோசனை அதுதான். நான் குரலைச் சுருக்கி அனுப்பும்படி பெட்டியில் மாற்றினேன். பில் குறைந்தது. எல்லாரும் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆனது.

பழுது 22. டொரண்டோக் கம்பெனி விழித்துக்கொண்டு, பெட்டி வெளிநாட்டில் இருப்பதால் எல்லா அழைப்புகளும் வெளிநாட்டு அழைப்புகளே என்று மூன்று மாதத்துக்கு முன்தேதியிட்டு பில் போட்டது. அவர்கள் விளம்பரத்திலேயே உலகில் எங்கும் எடுத்துச் செல்லலாம் என்றிருப்பதைக் காட்டினேன். எடுத்துச் செல்லலாம் என்றுதான் சொன்னோம், பேசலாம் என்று சொல்லவில்லை என்ற அர்த்தத்தில் கண்ணியமான ஒரு கடிதம் வந்தது.

3

சனிக்கிழமை காலை எட்டு மணி எங்கள் நேரம். அதற்குள் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்குப் போய்த் துணிகளை இயந்திரத்தில் போட்டுவிட்டு வருவேன். ராயபுரத்தில் அப்போது மாலை ஐந்தரை, குளிர்காலமானால் ஆறரை. இந்த ஒரு மணி நேர மாற்றத்தை அம்மாவால் மன்னிக்கவே முடியவில்லை. "வருசத்துக்கு ரெண்டு தபா கடியாரத்த திருப்பறீங்களே, வேற வேல இல்லியா அந்த ஊர்ல?"

முதலில் நைனாதான் எடுப்பார். பேச்சு இப்படித்தான் போகும்.

"நைனா, எப்டி கீற?"

"நல்லா கீறேம்மா."

"பிரஷர் மாத்திரை போட்டியா?"

"சரிம்மா."

"மழையாமே அங்க? தண்ணி வந்துச்சா தெருவுல?"

"சரிம்மா, சரி. இந்தா, அம்மாகிட்ட குட்க்கறேன். லைன் சரியில்ல."

குரல் போய்ச் சேர அரை விநாடிக்குமேல் ஆனால், மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் பேசுவார்கள், முந்தின கேள்விக்குப் பிந்தி பதில் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் உள்ளது. நைனாவின் ஒவ்வொரு "சரிம்மா"வையும் நான் நோட்டில் தாமதம் என்றே எழுதினேன். தாமதத்தைக் குறைக்க ரவுட்டர் மாற்றினேன், பிராட்பேண்ட் திட்டத்தை உயர்த்தினேன், கம்பெனிக்காரர்களோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டினேன். அம்மாவிடம் கேட்டால், "எனக்கே செல நாளு கேக்கறதில்ல. போனு அப்டி" என்பாள்.

இந்த இரண்டு வருடத்தில் என் பேச்சும் மாறிப்போனது. அலுவலகத்தில் ஆங்கிலம். ஞாயிறு மதியம் ஸ்கார்பரோவில் மாதா கோயிலில் தமிழ்ப் பூசை, அங்கே சுற்றிலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். "இன்னாடி, நியூஸ் வாசிக்கிற மாரி பேசற?" என்று அம்மா கிண்டல் செய்துகொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை அவள் ஏதோ கேட்டதற்கு நான் என்னையறியாமல், ஆமாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தார் சொல்லும் "ஓம்" என்றேன்.

அம்மா பிடித்துக்கொண்டாள். "ஓமா? அது இன்னாது ஓமு? எவன்கிட்ட கத்துகின?"

ஃபோன் அன்றைக்குப் பார்த்துத் துல்லியமாக வேலை செய்தது. சொல்லிவிட்டேன். ஜெயசீலன், பாடகர் குழுவில் ஹார்மோனியம் வாசிக்கிறவர், மருந்துக் கடையில் வேலை, கத்தோலிக்கர், நல்லவர். ஊரில் அவர் வீடு ராணுவத்தின் வேலிக்குள்ளே போய்விட்டது. பெற்றோர், தங்கைகள் எல்லாரும் இங்கே வந்துவிட்டார்கள். திரும்பிப் போக அவருக்கு ஊரில்லை. அவரைக் கட்டிக்கொண்டால் எனக்கும் திரும்புதல் இல்லை.

அம்மாவுக்கு அவர் ஹார்மோனியம் வாசிப்பது பிடித்திருந்தது. மற்றதைக் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தோ பார். உங்க நைனா நீ வந்துடுவேன்னு மாடில ரூம் கட்டிகினு கீறாரு. தெனம் சாயங்காலம் ஏறிப் போயி செவுத்துக்குத் தண்ணி அட்ச்சிகினு கீறாரு. இத்த நான் என் வாயால சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்கோ."

நைனாவின் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொள்ள சட்டம் என்னைத் தடுக்காது. எனக்கு இருபத்தெட்டு வயது. ஆனால் அவர் முகம் கொடுத்துப் பேசாத ஒரு கல்யாணத்துக்கு நான் தயாராக இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. ஜெயசீலனிடமும் சொல்லியிருந்தேன்.

4

அடுத்த சனிக்கிழமை அம்மா வேண்டுமென்றே கோயிலுக்குப் போய்விட்டாள். நான் ஒரு தாளில் ஆறு விஷயங்களை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டேன். ஆள் யார், என்ன வேலை, குடும்பம் எப்படி, எங்கே வைத்துக் கல்யாணம், நைனாவும் அம்மாவும் எப்போது இங்கே வந்து பார்க்கலாம். ஆறாவது, நான் திரும்பி வரமாட்டேன் என்பது.

பதினொரு நிமிடம் பேசினேன். நைனா ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா" என்றார். ஆறாவதைச் சொல்லிவிட்டு, "உனக்கு சம்மதமா நைனா?" என்று கேட்டேன்.

"சரிம்மா. நீ சொன்னா சரி. ஒடம்ப பாத்துக்கோ."

வைத்துவிட்டு அழுதேன். இரைச்சல் இல்லை, எதிரொலி இல்லை, வெட்டு இல்லை. நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே "பழுது இல்லை" என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

ஜெயசீலன்தான் சந்தேகப்பட்டார். "அப்பா வடிவா விளங்கித்தானே ஓமெண்டு சொன்னவர்? ஒரு கேள்வியும் கேக்கேல்லையோ?"

"எங்க நைனா அப்படித்தான். அதிகம் பேசமாட்டார்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அம்மாவிடம் நைனா சரி சொல்லிவிட்டதைச் சொன்னேன். அவரே அந்தப் பேச்சை எடுக்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவர் எடுக்கவில்லை. மனதுக்குள் விழுங்கிக்கொண்டிருக்கிறார், கிளறக் கூடாது என்று அவளும் வாயைத் திறக்கவில்லை. அவரோ மாலையானால் மாடிக்கு ஏறிப் போய் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.

இதற்கிடையில் காகிதங்கள். கத்தோலிக்கர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்க வேண்டும் என்று சபையார் முன்னால் அறிவிப்பது. பெண்ணின் ஊரிலும் வாசிக்க வேண்டும். டொரண்டோப் பங்குக் கோயிலிலிருந்து ராயபுரத்துப் பங்குக் கோயிலுக்குக் கடிதம் போனது. ஞானஸ்நானப் பதிவில் என் பெயர் ஒரு மாதிரியும் பாஸ்போர்ட்டில் வேறு மாதிரியும் இருப்பதால் ஒருமுறை திரும்பி வந்தது. மறுபடி போனது.

5

முதல் ஓலை வாசித்த ஞாயிறு, எனக்குக் காலை ஏழு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"ஏன்டி, உங்க நைனாகிட்ட சொன்னேன்னியே, பொய்யா சொன்ன?"

நடந்தது இது. காலைப் பூசைக்கு அம்மாவும் நைனாவும் போயிருக்கிறார்கள். அம்மா பெண்கள் பக்கம் முன்னால். நைனா வழக்கம்போலக் கடைசித் தூண் பக்கத்தில். ஓலை வாசித்ததும் அம்மா திரும்பிப் பார்த்திருக்கிறாள். நைனா எல்லாரோடும் எழுந்து நின்று, எல்லாரோடும் உட்கார்ந்தாராம், முகத்தில் ஒன்றுமே இல்லையாம். பூசை முடிந்து வெளியே வந்ததும் அவரோடு வேலை பார்த்த மைக்கேல் மாமா எதிரே வந்து தோளில் தட்டியிருக்கிறார்.

"இன்னா மாமு! பொண்ணுக்கு ஓலையே பட்ச்சிட்டாங்க, தோஸ்துக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? சிலோன் மாப்ளயாமே?"

நைனா சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தாராம். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டதாம். மைக்கேல் மாமாவை விட்டுவிட்டு, அம்மாவையும் திரும்பிப் பார்க்காமல், நேராக ஃபாதர் அறைக்குப் போயிருக்கிறார். அம்மா பின்னாலேயே ஓடியிருக்கிறாள்.

"ஃபாதர், தடை இருந்தா சொல்லணும்னு படிப்பீங்க இல்ல? தடை கீது."

"இன்னாங்க தடை?" என்று ஃபாதர் பயந்துபோய்க் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாளோ என்று நினைத்திருப்பார்.

"எம் பொண்ணு எங்கிட்ட சொல்லல. அதான் தடை."

அது திருச்சபைச் சட்டப்படி தடையில்லை என்று ஃபாதர் விளக்கியிருக்கிறார். நைனா நகரவில்லை. கடைசியில், தகப்பனும் மகளும் பேசித் தீர்க்கும்வரை இரண்டாவது ஓலையை நிறுத்திவைப்பதாக ஃபாதர் சொல்லிவிட்டார்.

"சொன்னேம்மா! பதினோரு நிமிஷம் பேசினேன்! அவர் சரின்னு சொன்னாரு!" என்று நான் கத்தினேன்.

"அவரு மாதா படத்து மேல கைய வெச்சி சத்தியம் பண்றாருடி. நீ சொல்லவே இல்லியாம். ஊரே கேட்ட பெறவு அவரு கேக்கறாராம். இன்னா பேஜாரு பண்ணி வெச்சிகிற நீ!"

நைனாவிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன். வாங்கினார். நான் "நைனா, நான் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். "லைன் சரியில்லம்மா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

என் கையில் தேதி, நேரம், நிமிடக் கணக்கு எல்லாம் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன். பழுது எண் நாற்பத்தொன்று என்று எழுதிவிட்டுக் கம்பெனியைக் கூப்பிட்டேன். அந்தப் பதினொரு நிமிடமும் என் குரல் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று எழுத்துமூலம் சொல்லும்வரை விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

6

எடுத்தவர் பெயர் நான்சி என்றார். ஆங்கிலத்தை நாக்கில் நன்றாகச் சுருட்டிப் பேசினார். அணைத்துப் போட்டீர்களா என்றார். போட்டேன் என்றேன். பெட்டி இருக்கும் முகவரியைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லிப் படிக்க ஆரம்பித்தவர், ராயபுரம், கல்மண்டபம் என்பவற்றை மட்டும் ராயபுரத்தில் சொல்வதுபோலவே சொன்னார்.

"ஒரு நிமிசம் இருங்க மேடம், டெஸ்ட் லைனுக்கு மாத்திக்கறேன்" என்று தமிழில் வந்தது. க்ளிக் என்றது. "இதுல ரெக்கார்டு ஆவாது. அக்கா, கல்மண்டபத்துல எங்க? எங்க அம்மா வூடு தண்டையார்பேட்டக்கா. எம் பேரு நான்சி இல்ல, கஸ்தூரி."

டொரண்டோவிலிருந்து ராயபுரத்து ஃபோனைப் பற்றிப் புகார் செய்ய, இரண்டு வருடமாக நான் மெட்ராஸுக்குத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். சிரிக்கும் நிலையில் இல்லை. கஸ்தூரியிடம் கம்பெனியைத் திட்டினேன். பெட்டியை, பில்லை, பியானோவை, எல்லாவற்றையும் திட்டினேன். கடைசியில் ஓலை நின்றுபோனதையும் சொல்லிவிட்டேன்.

"அய்யய்யோ" என்றார். "இருங்கக்கா. நான் அந்த நம்பருக்கு டெஸ்ட் கால் போட்டுப் பாத்துட்டு உங்கள கூப்புட்றேன்."

கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன். அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை. கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"அக்கா, லைனு கண்ணாடி மாரி கீது. ஒரு சொட்டு கூட ஒழுகல. உங்க அம்மாதான் எட்த்தாங்க, சும்மா கணீர்னு பேசனாங்க. அப்பாகிட்ட குடுங்கன்னேன்." நிறுத்தினார். "அக்கா, தப்பா எட்த்துக்காதீங்க. நான் இன்னா கேட்டாலும் அவரு 'சரிம்மா, சரிம்மா'ன்னே சொல்லிகினு இருந்தாரு. எனக்கு ஒரு டவுட்டு. 'அங்கிள், நாளைக்கி நீங்க ராக்கெட்ல ஏறி நெலாவுக்குப் போறீங்களா'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'சரிம்மா, நீ சொன்னா சரி'ன்னாரு."

நோட்டில் "பழுது இல்லை" என்று அடிக்கோடிட்டிருந்த பக்கத்தைத் திருப்பினேன்.

"எங்க மாமனாரும் இப்டித்தாங்க்கா. சாத்தாங்காட்டுல இரும்பு வெட்ற பட்டறைல இருந்தாரு. கேக்கலன்னு ஒத்துக்கவே மாட்டாரு. அப்பா இன்னா வேல பாத்தாரு?"

துரு தட்டுகிற வேலை என்றேன். கப்பலின் அடிவயிற்றுக்குள், நாலு பக்கமும் இரும்புச் சுவர், பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் சுத்தியலால் தட்டுவார்கள். முப்பது வருடம். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"பழுத மூடிடட்டாக்கா?"

"மூடிடுங்க."

அந்தச் சத்தத்துக்குள் யாரும் யார் குரலையும் கேட்க முடியாது. வாயசைவையும் கையசைவையும் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள் என்று சின்ன வயதில் அவரே சொல்லியிருக்கிறார். நான் பள்ளியிலிருந்து வந்து ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் நைனா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவார். "மூஞ்சப் பாத்துப் பேசு" என்பார். அதை நான் செல்லம் என்று நினைத்திருந்தேன். வீட்டில் முகம் பார்த்துப் பேசும்வரை யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஃபோனில் முகம் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், வைத்த பிறகு "இன்னா சொல்லிச்சி?" என்று கேட்பார், அம்மா சுருக்கமாகச் சொல்வாள். அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு நாள்தான் அவருக்குச் சொல்ல ஆளில்லை.

எனக்கு வந்தது பரிதாபம் இல்லை, கோபம். இரண்டு வருடம் பெட்டி மாற்றி, திட்டம் உயர்த்தி, குரலைச் சுருக்கி, விரித்து, எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இந்த மனிதர். "லைன் சரியில்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன், ஏனென்றால் லைன் என்றால் என்னால் சரிசெய்ய முடியும்.

நோட்டில் நாற்பத்தொன்றுக்கு எதிரே கடைசிப் பத்தியை நிரப்பினேன். சேவையை ரத்து செய்தேன். பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

7

வீட்டுக்குள் நுழைந்தபோது நைனா கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாம்மா" என்றார். எழுந்திருக்கவில்லை. அம்மா பையை வாங்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு சமையலறைக்குப் போனாள்.

நான் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். அவர் கண்கள் என் கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தன. எப்போதும் அப்படித்தான் பார்த்திருக்கிறார். நான் கவனித்ததில்லை.

"போன்ல சொன்னியாமே."

"ஆமா நைனா."

"நான் இன்னா சொன்னேன்?"

"சரின்னு சொன்ன."

"அது நான் எல்லாத்துக்கும் சொல்றது" என்றார். சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டார். பிறகு, "பையன் யாரு?"

சொன்னேன். தாளில் இருந்த ஐந்து விஷயங்களையும், ஒவ்வொன்றாக, அவசரப்படாமல். அவர் நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டார். ஃபோனில் அவர் இதுவரை ஒரு கேள்வியும் கேட்டதில்லை. மருந்துக் கடை சொந்தமா, சம்பளமா? தங்கச்சிங்க எத்தினி பேரு? குடிப்பானா? மீனு சாப்புடுவானா?

"நம்மள விட ஜாஸ்தி சாப்புடுவாரு."

"அப்போ சரி." இந்தச் சரி வேறு மாதிரி இருந்தது.

மாடிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ திரும்பி வருவியா, மாட்டியா? அத்த மட்டும் நீட்டாம சொல்லு."

விமானத்தில் இதற்கு நான் நாலு பதில்கள் தயாரித்திருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை வருவது பற்றி ஒன்று, அவர்களை அங்கே அழைத்துக்கொள்வது பற்றி ஒன்று, இப்படி. நாலுமே நல்ல பதில்கள். வாயைத் திறந்தேன். உதடுகள் மட்டும் அசைந்தன: மாட்டேன் நைனா. காற்றுகூட வெளியே வரவில்லை.

"இன்னாடி சொன்ன?" என்று அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல."

"எனக்குக் கேட்டுச்சி" என்றார் நைனா.

எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பட்டனைப் போட ரொம்ப நேரம் எடுத்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி, என் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்.

"ஃபாதர் சாப்புட உக்கார்றதுக்குள்ள போயி சொல்ட்டு வந்துட்றேன், தடை இல்லன்னு. வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டாவது ஓலை படிக்கசொல்ல நீ ஆம்பளைங்க சைடுல எம் பக்கத்துல வந்து குந்து. ஃபாதர் இன்னா படிக்கிறார்னு எனக்குச் சொல்லு. அந்தத் தூணாண்ட எனக்கு ஒண்ணும் கேக்கறதில்ல."